பிள்ளை பெற்றவளின் மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி? வீட்டாருக்கு ஒரு வரிசை

இது வீட்டாருக்கு எழுதியது. பிள்ளை பெற்றவளின் அம்மா, கணவர், அக்கா, மாமியார் என்று யார் கூட இருக்கிறீர்களோ அவர்களுக்கு. அவளுக்கே எழுதலாம்தான். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து பால் கொடுப்பவளிடம் இன்னொரு வேலைப் பட்டியலை நீட்ட எனக்கு மனசு வரவில்லை. படிப்பது நீங்களே தாய் என்றால், ஃபோனைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

என் முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்கிற ஒரு நோய் என்று தெரியாமலே ஐந்து மாதம் ஓடியது. இரண்டாவது பிரசவத்துக்கு முன்பே எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டோம். அப்புறம் தங்கை, சித்தி மகள், எங்கள் தெருவில் நாலைந்து வீடு என்று கூட இருந்து பார்த்துவிட்டேன். எல்லாரும் அக்கறையாகத்தான் செய்கிறார்கள், வரிசைதான் தப்பாகிவிடுகிறது. முதலில் புத்திமதி, பிறகு பத்தியம், பிறகு கோயில், கடைசியில் டாக்டர். தூக்கம் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. தூக்கத்தில் ஆரம்பித்துப் பாருங்கள், மற்ற வேலைகளில் பாதி குறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, ஓரிரு நாளாகத் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, மற்றதைப் படிக்க வேண்டாம். நேராக 7-ஆம் பகுதிக்குப் போங்கள்.

1. வளைகாப்பு முடிந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை

குழந்தை வந்தபிறகு யாருக்கும் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. அதனால் அம்மா வீட்டுக்கு வந்த வாரமே ஒரு சாயங்காலம் இதை முடித்துவிடுங்கள்.

முதலில் பழைய கதை. அவளுக்கு முன்பு மனச்சோர்வு வந்திருக்கிறதா? முந்தைய பிரசவத்தில் வந்ததா? எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், ஓயாத பேச்சும் செலவும் உற்சாகமுமாகச் சில நாள் இருந்திருக்கிறாளா? அவளுடைய அம்மாவுக்கோ அக்காவுக்கோ பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கியதா? இருமுனைக் கோளாறோ (இப்படி அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்), முந்தைய பிரசவத்தில் மனம் கலங்கியதோ இருந்தால், குழந்தை பிறப்பதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்து ஒரு திட்டம் போட்டாக வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் கடுமையான மனநோய்க்கு இதைவிடப் பெரிய முன்னெச்சரிக்கை கிடையாது.

இந்தக் கேள்விகளை அவளிடம் தனியாகக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த சிகிச்சையைப் புகுந்த வீட்டுக்குச் சொல்லாமல் விட்டவர்கள் நிறையப் பேர். அதை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, டாக்டருக்குச் சொன்னால் போதும்.

ஏற்கனவே மன நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் 'வயிற்றில் குழந்தை இருக்கிறதே' என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டிய மாத்திரைகளும் உண்டு, ஆனால் மாற்றுவது டாக்டரின் வேலை. திடீரென்று நிறுத்திய பிறகு எட்டாம் மாதத்தில் நோய் திரும்பி வந்த வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, ராத்திரிப் பொறுப்பு யாருக்கு என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். 'எல்லாருமாகப் பார்த்துக்குவோம்' என்றால் கடைசியில் அவள்தான் பார்ப்பாள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே சமாளிக்கவும் ஒருவர் வேண்டும். சித்தப்பாவோ தம்பியோ, கொஞ்சம் முகத்தாட்சண்யம் பார்க்காத ஆளாக இருந்தால் நல்லது.

கடைசியாக, தினசரி காலண்டர் அட்டையில் மூன்று எண்களை எழுதி ஒட்டுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104. மனநல ஆலோசனைக்கு 14416. கடைசியாகச் சொன்னது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஃபோனில் பதிந்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கை நடுங்கும்போது காலண்டரைப் பார்ப்பதுதான் சுலபம்.

2. முதல் பதினான்கு நாள்: அழுகையை எண்ணாதீர்கள், நாளை எண்ணுங்கள்

பிரசவமான இரண்டாம் மூன்றாம் நாளில் பெரும்பாலான பெண்களுக்கு அழுகை வரும். காரணமே இருக்காது. காபி ஆறிப்போனதற்கு அழுவாள், அடுத்த நிமிடம் சிரிப்பாள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் கர்ப்பகால ஹார்மோன்கள் சட்டென்று சரிகின்றன. பால் கட்டி மார்பு கனப்பதும் அந்த நாட்களில்தான். தையல் வலியும் தூக்கமின்மையும் வேறு. இது நோய் இல்லை, தானாகவே அடங்கிவிடும்.

அடங்க வேண்டிய கெடு பதினான்கு நாள். குழந்தை பிறந்த தேதியிலிருந்து பதினைந்தாம் நாளைக் காலண்டரில் சுழித்து வையுங்கள். அதுவரை கூடவே இருங்கள், அழுதால் அழட்டும். 'அழுதா பால் வத்திடும்' என்று பயமுறுத்தாதீர்கள்.

இங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. நான்காம் நாள் அழுகையைப் பார்த்துப் பதறிப்போய் மந்திரிக்கக் கூட்டிப் போவது ஒன்று. ஐந்தாவது வாரத்திலும் 'எல்லாருக்கும் வர்றதுதான்' என்று சொல்லிக்கொண்டிருப்பது மற்றொன்று. என் வீட்டில் நடந்தது இரண்டாவது. நாளை யாரும் எண்ணவில்லை.

3. தூக்கம்: எல்லாவற்றுக்கும் முதல் மருந்து

அவளுக்கு ஒரு நாளில் தொடர்ச்சியாக நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும், ஐந்து கிடைத்தால் இன்னும் நல்லது. துண்டு துண்டாக எட்டு மணி நேரம் தூங்குவது அதற்கு ஈடாகாது. உடைந்த தூக்கம் மனச்சோர்வைக் கிளப்பும். இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கு நோயையே தூண்டிவிடும்.

தங்கை வீட்டில் மூன்றாவது வாரத்திலிருந்து நாங்கள் செய்தது இது. ஒன்பது மணிக்கு அவள் பால் கொடுத்துவிட்டு உள் அறையில் படுத்துவிடுவாள், கதவைச் சாத்திவிடுவோம். குழந்தை கூடத்தில் அம்மாவிடம். பதினொன்றரைக்கு எழுந்து அழுதால், சாயங்காலமே பீய்ச்சி வைத்த பாலை அம்மா சங்கில் கொடுப்பாள். இரண்டு மணிக்குத்தான் குழந்தை உள்ளே போகும். அதற்குள் அவளுக்கு நாலரை மணி நேரம் கிடைத்துவிடும். நாலாவது நாள் காலையில் அவளாகவே தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு மூன்று வாரத்தில், பால் சுரப்பு இன்னும் ஊன்றாத நிலையில், இப்படி ஒரு வேளையை விடுவது எல்லாருக்கும் ஒத்துவராது. மார்பு கட்டி வலிக்கவும் செய்யும். அப்போது பாதி வழி ஒன்று உண்டு. குழந்தையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுங்கள், பால் குடித்ததும் உடனே வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தூளியில் போட்டு ஆட்டுவது எல்லாம் உங்கள் வேலை. பால் குடிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்கெல்லாம் ஆகும் நேரம்தான் அதிகம்.

பீய்ச்சிய பாலைப் பற்றிக் கொஞ்சம். 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் நாலு மணி நேரம் இருக்கும் என்பது கணக்கு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை நம்ப வேண்டாம், உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அங்கே நாலு நாள் வரை இருக்கும். எடுத்ததை அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் குளிர்ச்சி போய்விடும். சங்கோ பாலாடையோ, ஒவ்வொரு தடவையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுங்கள். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, சொட்டுச் சொட்டாக, அது விழுங்க விழுங்கக் கொடுங்கள்.

'குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு' என்பது நம் வீடுகளில் நடக்காத காரியம். குழந்தை தூங்கும் நேரத்தில்தான் அவள் குளிக்க வேண்டும், தலைக்குச் சாம்பிராணி காட்ட வேண்டும், பத்தியச் சாப்பாடு சாப்பிட வேண்டும், வந்தவர்களுக்கு முகம் கொடுக்க வேண்டும். பகல் தூக்கத்தை நம்பாமல் ராத்திரியை மாற்றுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, நேரமும் கொடுத்த பிறகும் அவள் விட்டத்தைப் பார்த்தபடி விழித்தே கிடக்கிறாள் என்றால், அதுவே ஒரு அறிகுறி. அதற்குமேல் 'கண்ணை மூடிப் படு' என்று சொல்லிப் பயனில்லை. 6-ஆம் பகுதிக்குப் போங்கள்.

4. உடம்பையும் பார்த்துவிடுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரத்தசோகையும் தைராய்டும் மனச்சோர்வு மாதிரியே காட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கருவுற்ற பெண்களில் 52.2 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதோடு பிரசவத்தில் இழந்த இரத்தத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் படபடப்பும் பின்பு சோர்வும் தருவது அபூர்வமில்லை. இரத்தசோகைக்கு ஹீமோகுளோபின், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனை, இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். இரத்தசோகை இருந்தால் மனச்சோர்வு இல்லை என்று அர்த்தமாகாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

பத்தியத்தில் பூண்டும் கருவாடும் பால் சுறாப் புட்டும் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. தண்ணீரை மட்டும் அளக்காதீர்கள். 'வயிறு பெருத்துவிடும்' என்று தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல், தலைவலி, மயக்கம், அதில் பாதி நாள் போய்விடும். கேட்டபோதெல்லாம் கொடுங்கள், கேட்காவிட்டாலும் பால் கொடுக்க உட்காரும்போது ஒரு சொம்பு பக்கத்தில் வையுங்கள்.

5. பேச்சு: கேட்கிற விதத்தில்தான் எல்லாம்

'சந்தோஷமா இருக்கியா?' என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே ஒரு பதில்தான் அனுமதி, அது அவளுக்கும் தெரியும். 'ராத்திரி எப்படிப் போச்சு? இன்னைக்கு எந்த நேரம் ரொம்பச் சிரமமா இருந்துச்சு?' என்று கேளுங்கள். சிரமம் இருந்திருக்கும் என்று நீங்களே ஒத்துக்கொண்ட பிறகு சொல்வது அவளுக்குச் சுலபம்.

எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து கையில் ஒரு வேலையோடு கேட்பது நல்லது. ஒரு மத்தியானம் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. எட்டாவதோ ஒன்பதாவதோ துணியில் அவளாகவே சொன்னாள்: “அக்கா, இவன் அழுதா எங்கேயாவது ஓடிப்போயிடணும்போல இருக்கு.”

'அப்படியெல்லாம் சொல்லாதடி' என்று வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். “ம்” என்றேன். மடித்துக்கொண்டே, “எப்பத்திலேர்ந்து?” என்று கேட்டேன். மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் சொல்லும்போது குறுக்கே விழக்கூடாத வாசகங்கள் சில இருக்கின்றன. 'நாங்கல்லாம் நாலு பெத்தோம்', 'குழந்தை இல்லாம எத்தனை பேர் தவம் கிடக்கிறாங்க', 'உனக்கு என்ன குறை?' மூன்றுமே அவள் ஏற்கனவே தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டவை. நீங்களும் சொன்னால், இனி இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவுக்கு வந்துவிடுவாள்.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே இருங்கள். 'பால் பத்தலையா, இளைச்சாப்புல இருக்கே', 'மறுபடியும் பொண்ணா' இந்த இரண்டையும் யார் சொன்னாலும் பேச்சை உடனே மாற்றுவது வாசல் ஆளின் வேலை. இது வெறும் மனத்தாங்கல் சமாசாரம் இல்லை. தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாமை, வருமானக் குறைவு, ஒத்தாசைக்கு ஆளில்லாமை ஆகியவற்றைப் பிரசவகால மனச்சோர்வின் காரணிகளாகவே காட்டியது.

கணவர் வெளியூரிலோ வளைகுடாவிலோ இருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. தினமும் வீடியோ அழைப்பில் முதல் ஐந்து நிமிடம் அவளிடம் பேசுங்கள், பிறகு குழந்தையைக் காட்டச் சொல்லுங்கள். 'கேமராவை இன்னும் கொஞ்சம் இறக்கு, பாப்பா தெரியலை' என்று ஆரம்பிக்கிற அழைப்புக்குப் பிறகு பெண்கள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு இருந்த பெண்களிடம், பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து ஒரு முறைப்படி பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தப் பெண்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது. அப்படிப் பேசப்படாத பெண்களில் 53 சதவீதம். 2008-இல் வெளியான முடிவு இது. பேசியவர்களில் யாரும் டாக்டர் இல்லை.

6. பதினைந்தாம் நாள்: அளந்து பாருங்கள்

காலண்டரில் சுழித்த நாள் வந்துவிட்டது. அன்றைக்கு முதலில் இரண்டே கேள்வி கேளுங்கள். கொஞ்ச நாளாக மனசு தாழ்ந்து, நம்பிக்கையே இல்லாமல் இருக்கிறதா? எதைச் செய்தாலும் அதில் ஈடுபாடோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்காவது 'ஆமாம்' வந்தால் அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது எடின்பரோ அளவுகோல், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் கேள்வித்தாள். 1987-இல் வந்தது, பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றியது. தமிழ் வடிவமும் உண்டு. மருத்துவமனையிலோ மனநல ஆலோசகரிடமோ கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30.

கூட்டுவதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். 1, 2, 4 ஆகிய கேள்விகளில் மேலே இருக்கும் விடைக்கு 0, கீழே இருப்பதற்கு 3. மற்ற ஏழு கேள்விகளில் இது தலைகீழ், மேலே இருப்பதற்குத்தான் 3. இதைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி போட்டால், மிகவும் முடியாமல் இருப்பவளுக்குக் குறைந்த எண் வந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

அவள் தனியாக உட்கார்ந்து நிரப்ப வேண்டும். மாமியாரோ அம்மாவோ தோளுக்குப் பின்னால் நின்றால் எண் குறைந்துவிடும். படிக்கத் தெரியாதவள் என்றால், வீட்டைச் சேராத ஒருவர் படித்துக் காட்டுவது நல்லது. கிராமங்களில் வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம்.

10 அல்லது அதற்குமேல் வந்தால் அந்த வாரமே டாக்டர். 13-க்கு மேல் என்றால் மனச்சோர்வு இருக்க நிறைய வாய்ப்பு. எட்டு, ஒன்பது வந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி செய்யுங்கள், மனசு ஒப்பவில்லை என்றால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் இரண்டே வந்திருந்தாலும், அன்றைக்கே அவளிடம் பேசி அன்றைக்கே உதவி தேடுங்கள். சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்டால் பெரும்பாலும் பாரம்தான் இறங்குகிறது.

இது தெர்மாமீட்டர் மாதிரி. ஜுரம் இருக்கிறதா என்று சொல்லும், என்ன ஜுரம் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். எண் குறைவாக வந்தாலும் ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் இது முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017-இல் வந்த கணக்கு, பிள்ளை பெற்ற பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7. எது பயம், எது அவசரம்?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

நிறையத் தாய்மார்களுக்குத் திடீர் திடீரென்று கோரமான எண்ணங்கள் வரும். மாடிப்படியில் குழந்தை கை தவறிவிட்டால்? அரிவாள்மனை பக்கத்தில் இருக்கிறதே, நானே ஏதாவது செய்துவிட்டால்? எண்ணம் வந்ததும் அவளே நடுங்கிப்போகிறாள், அரிவாள்மனையை ஒளித்து வைக்கிறாள், குழந்தையைக் குளிப்பாட்டவே பயப்படுகிறாள். அவளுக்கு அது அருவருப்பாக இருக்கிறது என்பதுதான் அடையாளம். இது பதற்றத்தின் வேலை. இவர்கள் குழந்தையை எதுவும் செய்துவிடுவதில்லை. சொன்னால் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து வாயைத் திறக்க மாட்டார்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், சரியாகும்.

மற்றது வேறு, 1-ஆம் பகுதியில் சொன்ன கடுமையான மனநோய். குழந்தை பிறந்த சில நாளில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று ஆரம்பிக்கும். தூக்கம் அடியோடு போய்விடும், ஆனால் களைப்பே தெரியாது. பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், அல்லது ஒரேயடியாக உறைந்துபோவாள். யாரோ காதில் பேசுவதாகச் சொல்வாள், குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், குழந்தையைத் தெய்வம் என்றோ பிசாசு என்றோ நம்புவாள். ஒரு மணி நேரம் தெளிவாக இருந்து அடுத்த மணி நேரம் குழம்புவாள். ஆயிரம் பிரசவத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ வருவது இது. ஆனால் வந்தால் மாரடைப்பு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வரிசை இது. அவளைத் தனியாக விடாதீர்கள், குழந்தையோடு தனியாக நிச்சயம் விடாதீர்கள். குழந்தையை இன்னொருவர் வைத்துக்கொள்ளட்டும். மாத்திரை, பூச்சிமருந்து, கத்தி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள், மாடிக் கதவைப் பூட்டுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது மனநலப் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு வண்டி எடுங்கள். அவள் சொல்வது தப்பு என்று வாதாட வேண்டாம், 'சரிம்மா, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாம்' என்றால் போதும்.

நடுவில் தெளிந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று வண்டியைத் திருப்பி அனுப்புவதுதான் நான் பார்த்ததிலேயே ஆபத்தான தவறு. வேப்பிலை அடிக்கக் கூட்டிப் போய் இரண்டு நாளை வீணாக்குவது அடுத்தது. கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் சிகிச்சை தொடங்கிய பிறகு தாராளமாகப் போகலாம். சரியான நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் இந்த நோயிலிருந்து பெரும்பாலோர் நன்றாகவே மீண்டுவிடுகிறார்கள்.

8. டாக்டரிடம் போகும்போது

எங்கே போவது? மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சில தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். எந்த நாள் என்று முன்பே விசாரித்துக் காலண்டரில் எழுதுங்கள். எங்கே போவதென்றே புரியவில்லை என்றால் 14416-இல் கேட்கலாம்.

போகும்போது இவை கையில் இருக்கட்டும்: டிஸ்சார்ஜ் சுருக்கம், இரத்தப் பரிசோதனை முடிவு, எடின்பரோ தாள், இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும், நாட்டு மருந்தும் லேகியமும் சேர்த்து. குழந்தையையும் கூட்டிப் போங்கள், பால் நேரம் தப்பாது. குழந்தையைத் தூக்கிக்கொள்ளக் கூடுதலாக ஒருவர் வரட்டும்.

உள்ளே போனதும் கூட வந்தவரே பேசி முடித்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. அம்மா பேசுவாள், கணவர் திருத்துவார், அவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிடமாவது அவள் தனியாகப் பேசட்டும். முன்பு சொன்ன அந்த 'தூக்கமே தேவைப்படாத உற்சாக நாட்கள்' இருந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் நோய் மறுபக்கம் சாய்ந்துவிடலாம்.

லேசானது என்றால் பேச்சு சிகிச்சையே போதுமாக இருக்கும். மாத்திரை தேவைப்பட்டால், பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக் கூடியவை இருக்கின்றன. செர்ட்ரலின் என்ற மருந்தை டாக்டர்கள் அடிக்கடி எழுதுவது அது பாலில் மிகக் குறைவாகவே போகும் என்பதால்தான். அதனால் 'மாத்திரையா, பாலா' என்று வீட்டிலேயே பட்டிமன்றம் வைக்காதீர்கள். 'பால் கொடுக்கிறேன்' என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் எழுதுவதை வாங்குங்கள். தூக்கம் வரவைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் குழந்தையை அவள் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. தூளியிலோ தனிப் படுக்கையிலோ போடுங்கள்.

பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் புரட்டல், தலைவலி வரலாம். பலன் இன்னும் வராமல் பக்கவிளைவு மட்டும் வந்திருக்கும் நேரம் அது, பத்தாம் நாள் மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் அங்கேதான் போடுகிறார்கள். அடுத்த கூட்டம், இரண்டாம் மாதம் 'நல்லா ஆயிட்டேன்' என்று நிறுத்துபவர்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நிறுத்துவதையும் படிப்படியாகக் குறைத்துத்தான் செய்ய வேண்டும்.

மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னால் குழந்தையைப் பிரிக்க வேண்டி வருமோ என்று பயப்படுவீர்கள். 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூருவில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் தாயையும் குழந்தையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவு 2009-இலிருந்து இருக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அது எட்டுகிற தூரம்தான்.

9. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ, கொண்டு விடும்போது

இதை யாரும் ஒரு படியாகவே எடுத்துக்கொள்வதில்லை. நல்ல நாள் பார்த்து, சீர் வாங்கி, வேன் பேசிக் கொண்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவளுக்கோ ஒரே நாளில் எல்லாம் மாறிப்போகிறது. ராத்திரிக் குழந்தையை வாங்கிக்கொண்ட அம்மா இல்லை, சமையல் அவள் தலையில், குழந்தையும் புது இடத்தில் அழுகிறது. வேலைக்குப் போகிறவள் என்றால் விடுப்பு முடிகிற சமயமும் நெருங்கியிருக்கும். என் ஐந்து மாதத்தில் மிக மோசமான மூன்று வாரம் கொண்டு விட்ட பிறகுதான்.

போவதற்கு ஒரு வாரம் முன்பே கணவர் வந்து நாலு ராத்திரி தங்கட்டும். ராத்திரி வேலை என்ன, சங்கில் எப்படிக் கொடுப்பது, தூளி எப்படிக் கட்டுவது என்று அங்கேயே கற்றுக்கொள்ளட்டும். வாயால் சொன்னால் தலையில் நிற்காது.

மாமியாரிடம் விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் அவள். சொல்வதென்றால் அவளுடைய அம்மா சொல்லாமல் கணவர் சொல்வது நல்லது, சம்பந்திச் சண்டையாக மாறாது. 'இவளுக்கு இன்ன மாத்திரை ஓடுது, ராத்திரி ஒன்பதிலிருந்து இரண்டு வரைக்கும் நான் குழந்தையைப் பார்த்துக்கிறேன்' என்று இரண்டே வரியில் முடித்துக்கொள்ளலாம். மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடும் மருமகள்களை எனக்குத் தெரியும். ஒளித்துச் சாப்பிடுவது தவறிப்போகும். அதனால் அந்த வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

கிளம்புகிற அன்றைக்குப் பையில் ஒரு மாத மாத்திரை, எடின்பரோ தாள் ஒரு புதுப் பிரதி, சங்கு. அம்மா வீட்டுக் காலண்டர் அட்டையில் ஒட்டிய அந்த மூன்று எண்களை அங்கே இருக்கும் காலண்டரிலும் எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததிலிருந்து பதினைந்தாம் நாளை அதில் சுழித்துவிட்டு, மறுபடியும் எண்ண ஆரம்பியுங்கள்.